30 மணி நேரம் இலவசம் சரி, பில் ஏன் இவ்வளவு?

எங்கள் ஒன்றரை வயது மகள் இங்கிலாந்தில் நர்சரி போக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. கவனிப்பில் குறையே இல்லை, கதவு திறந்ததும் என் கையை விட்டுவிட்டு ஓடுகிறாள். பில்தான் பிரச்சினை. அரசு வாரத்துக்கு இலவசமாகத் தரும் 30 மணி நேரக் கவனிப்பு வருடத்துக்கு 38 வாரம்தான், மொத்தம் 1,140 மணி நேரம், அதை நர்சரி நடக்கும் 51 வாரத்துக்கும் பரப்பினால் வாரம் 22 மணி சொச்சம்தான் வரும் என்று சேர்க்கும்போது யாரும் சொல்லவில்லை. அப்புறம் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரே வரியில் ஒரு தொகை! சாப்பாட்டுக்கு எவ்வளவு, நாப்பிக்கு (டயப்பர்) எவ்வளவு என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் பிரித்துக் கொடுத்தார்கள். விதிப்படி இந்தக் கட்டணங்கள் கட்டாயமே இல்லை. இப்போது நாப்பியை நாங்களே பையில் வைத்து அனுப்புகிறோம். சேர்க்கும் முன்பே ஒரு மாதிரி பில்லை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.