சிவப்பு குறையும் டைமர்: எங்கள் வீட்டு அனுபவம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் "இன்னும் பத்தே நிமிஷம்" என்று சொல்லி என்ன பயன்? மணி பார்க்கவே இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வாங்கிய 60 நிமிட டைமர் அந்த நீளத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அது செய்வது அவ்வளவுதான்.

முகப்பில் ஒரு சிவப்புத் தட்டு. நடுக்குமிழைத் திருப்பி 20-ல் வைத்தால் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பாகும். நேரம் போகப் போக அது சுருங்கி, முழுதும் மறைந்ததும் 'பீப்' அடிக்கும். டபுள் ஏ பேட்டரி ஒன்று போதும். இதை முதலில் யோசித்தவர் ஜான் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க அம்மா. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காகச் செய்தது, 1990-களில் 'டைம் டைமர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. என்னிடம் இருப்பது அதே பாணியில் வேறு யாரோ தயாரித்தது.

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும் நேரத்தில்தான் இதன் அருமை தெரிகிறது. விளையாட்டை நிறுத்துவது, குளிக்கப் போவது, பை அடுக்குவது எல்லாம் முன்பு எனக்கும் அவளுக்குமான சண்டை. இப்போது "சிவப்பு தீரப்போகுதும்மா" என்று அவளே எழுந்து வருகிறாள். தினமும் அல்ல. களைத்துப்போன நாளில் நைசாகக் குமிழைத் திருப்பி நேரத்தைக் கூட்டிக்கொள்வாள். பூட்டு வசதி எதுவும் கிடையாது, அதனால் டைமர் இப்போது கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கிறது.

வீட்டுப்பாடத்துக்கு? வாசிப்புக்குச் சரி. பதினைந்து நிமிடம் வைத்தால் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள். கணக்குக்கு வேண்டவே வேண்டாம். ஒரு கண் தட்டின் மேலேயே இருக்கும், கூட்டல் கோழிக் கிறுக்கலாகிவிடும். கணக்குக்கு நேரமே பேசுவதில்லை: ஐந்து கணக்கு, அப்புறம் எழுந்து போகலாம். ஆறாம் வகுப்பு அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று அவனே வைத்துக்கொள்கிறான். 1980-களில் பிரான்செஸ்கோ சிரில்லோ, கல்லூரி மாணவராக இருந்தபோது, சமையலறை டைமரை வைத்துக்கொண்டு தனக்காக உருவாக்கிய முறை அது.

குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது எண்கள். கடிகாரத்துக்கு நேர் எதிராக, இடப்பக்கமாக ஏறுகின்றன. சுவர்க் கடிகாரத்தில் 45 இருக்கும் இடத்தில் இதில் 15. "எதும்மா சரி?" என்று கேட்டாள், நியாயமான கேள்வி. மணி பார்க்கப் பழகும் வயதில் எண்ணைக் காட்டாதீர்கள், சிவப்பை மட்டும் காட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே துல்லியம் இல்லை. பெட்டியில் 'சத்தமில்லாதது' என்று போட்டிருந்தாலும் அமைதியான அறையில் டிக் டிக் கேட்கிறது, படுக்கையறைக்கு ஆகாது.

செல்போனிலேயே டைமர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கூடவே விளையாட்டும் வீடியோவும் இருக்கின்றன.

நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் தாராளமாக வாங்கலாம். அறையின் மறுகோடியிலிருந்து தெரியும்படி பெரிய முகப்பு உள்ளதாகவும், பீப் ஒலியைக் குறைக்க முடிவதாகவும் பார்த்து எடுங்கள். என்னுடையதில் அந்த வசதி இல்லை.