தி ஹேக் நகரில் ஓர் அன்ன வாகனம்

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள லௌமன் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர், 275க்கும் மேற்பட்ட பழைய வண்டிகளையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது. அன்னப்பறவை வடிவில் அமைந்த ஒரே ஒரு கார் என் முற்பகலை விழுங்கிவிட்டது.

கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்னும் செல்வந்தருக்காக, இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் இருந்த புரூக் நிறுவனம் 1910இல் செய்துகொடுத்த கார் இது. வெள்ளை உடல், வளைந்து உயர்ந்த கழுத்து, பின்புறத்தில் தங்க ரேக்கு ஒட்டிய தாமரை என்று, முதல் பார்வைக்கு நம் கோயில் அன்ன வாகனத்துக்கு டயர் மாட்டியது போலவே இருக்கிறது. ஆனால், அலங்காரம் என்று நாம் நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அலகு எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்போடு இணைந்திருப்பதால், ஓட்டுநர் நினைத்தபோது அதைத் திறந்து நீராவியைப் பீய்ச்சி, தெருவில் வழி உண்டாக்கிக்கொள்ளலாம். இருட்டில் கண்கள் மின்விளக்காய் ஒளிரும். புகைபோக்கிக் காற்றால் எட்டுச் சுரங்களில் ஒலிக்கும் ஹாரனைப் பின்னால் இருப்பவர் விசைப்பலகையில் வாசிக்கலாம். ஓட்டுநருக்கு உத்தரவிடக் கப்பல்களில் உள்ளது போன்ற தந்திக் கருவி இருக்கிறது. டயரில் ஒட்டும் யானைச் சாணத்தைத் தள்ளுவதற்குத் தூரிகைகள்கூட உண்டு, ஊரறிந்து செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பறவை எச்சமிடுவது போலச் சுண்ணாம்புக் கரைசலைச் சாலையில் கொட்டும் வால்வு ஒன்று பின்புறத்தில் இருக்கிறது. அதைக் கண்டு சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எனினும், முகத்துக்கு நேரே நீராவி பாய்ந்துவந்த கல்கத்தாத் தெருவாசிகளுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்காது. கார் கிளம்பினாலே நகரில் பீதி பரவியதால் காவல்துறை தலையிட வேண்டியதாயிற்று. கைவினையாக எனக்கு மிகவும் பிடித்த இவ்வண்டி, ஒரு பணக்காரரின் குறும்பு என்ற அளவில் சற்றுக் கசக்கவே செய்கிறது.

பின்னர் இது பஞ்சாபில் இருந்த நாபா சமஸ்தானத்தின் மகாராஜாவிடம் சென்றது. அவர் செய்வித்த, மின்சாரத்தில் ஓடும் குஞ்சு அன்னக் காரும் இதே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஸ்பைக்கர் என்னும் டச்சு நிறுவனத்தின் 1903ஆம் ஆண்டு ஆறு சிலிண்டர் காரும், எஞ்சின் நான்கு சக்கரங்களையும் இயக்கும் அதன் அமைப்புக்காகவே காண வேண்டியதுதான். ஆனாலும் அன்னத்திடம்தான் முதலில் செல்லுங்கள். முன்னால் நின்று படமெடுத்ததும் நகர்ந்துவிடாமல் பின்பக்கமும் சுற்றி வாருங்கள். விசைப்பலகையும் அந்த வால்வும் அங்கேதான் இருக்கின்றன.