என் 67 கமாரோவின் பின் லீஃப் ஸ்பிரிங்: ஆறு கோடை ஓட்டியபின்

வண்டி 1967 ஷெவர்லே கமாரோ. 327 கன அங்குல வி8, 275 குதிரைத்திறன், நாலு கியர் மேனுவல். அமெரிக்காவில் டெட்ராய்ட்டுக்கு வடக்கே வீடு என்பதால், பனி உருக ரோட்டில் உப்பு கொட்டும் மாதங்களில் வெளியே எடுப்பதில்லை, மே முதல் அக்டோபர் வரைதான் ஓட்டம். இந்த ஆறு கோடையில் சுமார் 14,000 மைல் ஓடியிருக்கிறது, அதற்குள் பின் ஸ்பிரிங் இரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தது. முதல் தடவை தப்பாக வாங்கினேன்.

லீஃப் ஸ்பிரிங் என்பது பின் அச்சைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை. அந்த 67-ஆம் வருட கமாரோ எல்லாவற்றிலும் பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டைதான். முதல் கியரில் அழுத்தி மிதித்தால் அச்சு முறுக்கிக்கொள்ளும், அந்த ஒற்றைப் பட்டை எஸ் வடிவத்தில் வளையும், டயர் பிடி விடும், பட்டை திரும்பி நிமிரும், மறுபடி பிடிக்கும், மறுபடி வளையும். இதுதான் வீல் ஹாப். பின்பக்கம் முழுக்கச் சம்மட்டியால் அடிப்பது போல அதிரும். ஷெவர்லேவே 1968-இல் பலமான எஞ்சின் வண்டிகளுக்குப் பல பட்டை ஸ்பிரிங் கொடுத்து, ஷாக் அப்சார்பரையும் ஒன்றை அச்சுக்கு முன்னும் ஒன்றைப் பின்னுமாக மாற்றி வைத்தது. என் வண்டியில் அதிர்வு போதாதென்று, பழைய பட்டை தளர்ந்து இடது பக்கம் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஐந்து பட்டை ஹெவி டியூட்டி செட் ஒன்றை வாங்கிப் போட்டேன். பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கி மூக்கு கீழே குத்தி நின்றது. கான்கிரீட் ரோட்டின் ஒவ்வொரு இணைப்பிலும் முதுகுத்தண்டு வரைக்கும் தெரிந்தது, மனைவி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார மறுத்துவிட்டாள். சரி, விறைப்பாவது நிலைக்கும் என்று நினைத்தால், இரண்டே கோடையில் வலது பக்கம் ஒரு அங்குலம் அமுங்கிவிட்டது. விற்றவர்களுக்கு மூன்று தடவை எழுதினேன், ஒரு தடவைதான் பதில் வந்தது.

ஹெவி டியூட்டி என்ற பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு பட்டையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு ஆகும், அதே தடிமனில் இன்னொரு பட்டையைச் சேர்த்தால் இரண்டு மடங்குதான். அதனால் பட்டை எத்தனை என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. தடிமன் என்ன, வளைவு எவ்வளவு, ஒரு அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு வேண்டும் என்று கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்க வேண்டாம்.

இரண்டாவது தடவை முதலில் அளந்தேன். சமதளத்தில் நிறுத்தி, பாதி டேங்க் பெட்ரோலோடு, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும். தரையிலிருந்து அளந்தால் டயர் அளவும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். அந்த எண்களோடு டெட்ராய்ட்டில் பழைய வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்து கொடுக்கும் ஒரு பட்டறைக்குப் போன் செய்தேன். எஞ்சின் எது, ஏசி உண்டா, பின்னால் ஆள் ஏறுவார்களா என்று பட்டறைக்காரர் கேட்ட கேள்விகளிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பேசி முடிவு செய்தது நாலு பட்டை, ஃபேக்டரி உயரம். கண்ணாடி இழையில் வரும் ஒற்றைப் பட்டையையும் யோசித்தேன், எடை ரொம்பக் குறைவு, ஆனால் என் ஓட்டத்துக்கு அந்த விலை கொடுக்க மனசு வரவில்லை.

ஒற்றைப் பட்டையிலிருந்து பல பட்டைக்கு மாறுபவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் ஆர்டர் செய்துவிடாதீர்கள். ஸ்பிரிங்கை அடியிலிருந்து அச்சோடு பிடிக்கும் ஷாக் பிளேட், ரப்பர் பேட், யு போல்ட் எல்லாமே அதற்கேற்றதாக வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் வண்டி ஒரு வாரம் ஸ்டாண்டில் நின்றது. ஸ்பிரிங்கின் முன் நுனியில் இருக்கும் வளையத்தை, அதாவது முன் கண்ணைப் பிடிக்கும் பிராக்கெட்டில் மூன்று போல்ட், அவற்றின் நட்டுகள் தரைத்தகட்டில் கிளிப்பாக மாட்டியிருக்கும், துரு ஏறியிருந்தால் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். இரண்டு நாள் முன்பே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். அப்படியும் எனக்கு ஒன்று சுற்றிவிட்டது, அறுத்துத்தான் எடுத்தேன்.

கண்ணுக்குள் போல்ட்டைச் சுற்றி உட்காரும் புஷ் விஷயத்தில் ரப்பர்தான் என் கட்சி. முதல் செட்டில் பாலியூரித்தேன் இருந்தது, மாதம் ஒரு தடவை கிரீஸ் வைக்காவிட்டால் கிறீச் கிறீச். ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங்கின் கண் கொஞ்சம் திருகும், ரப்பர் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கண் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இருக்க வேண்டும். தூக்கி வைத்தே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். யு போல்ட் புதிதுதான் போட வேண்டும், 100 மைல் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும், எனக்குக் கால் சுற்று ஏறியது.

முதல் மாதத்தில் அரை அங்குலம் இறங்கியது, அதைப் பட்டறைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்புறம் நாலு கோடையாக அசையவில்லை. ஆகஸ்டில் நடக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலமான உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குப் பின்சீட்டில் இரண்டு பேரோடு போனால்கூட டயர் எங்கும் உரசுவதில்லை. வீல் ஹாப் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். என் வண்டியில் இரண்டு ஷாக்கும் இன்னும் அச்சுக்கு முன்னால்தான் இருக்கின்றன, முழு மிதியில் ஒரு நடுக்கம் வரத்தான் செய்கிறது, ஆனால் பழைய சம்மட்டி அடி இல்லை. போன அக்டோபரில் உள்ளே நிறுத்துமுன் டேப் வைத்துப் பார்த்தேன், இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் கால் அங்குலத்துக்கும் கீழே.