கச்சான் காற்றில் கம்ரா

மட்டக்களப்பிலிருக்கும் சித்தியின் மகள் கேட்டிருக்கிறாள்: "அக்கா, கம்ரா சென்ட் விலை இறங்கியிருக்கு, வாங்கட்டா?" வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

லத்தாஃபா என்கிற வளைகுடா நாட்டுக் கம்பனியின் கம்ரா என்றால் என்ன சென்ட் என்று தெரிந்துதான் கேட்கிறீர்கள். 2022இல் வந்தது. ஆண், பெண் இருவருக்கும் என்று விற்றாலும் என் கண்ணில் பட்டவரை வாங்குவது பெண்கள்தான். கறுவா, சாதிக்காய், பேரீச்சம்பழம், வெனிலா, அடியில் மரவாசம். கிலியன் என்கிற விலை கூடிய பிரெஞ்சுக் கம்பனியின் ஏஞ்சல்ஸ் ஷேர் சென்டுக்குக் காசு கட்டாதவர்கள் இதை வாங்கலாம் என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். சரி, அவர்களெல்லாம் ஏசி அறைக்குள் இருந்து கதைக்கிறவர்கள். கச்சான் காற்று எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

நமக்குத் தெரியும். தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் சூடாக நம் கிழக்குப் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். வைகாசியில் பிடித்தால் ஆவணி வரை விடாது. காலை எட்டு மணிக்கே முதுகு நனைந்துவிடும். அந்த உடம்பில் கம்ராவை அடித்துப் பாருங்கள். குளிரான இடத்தில் கறுவா முதலில், பிறகு பேரீச்சை, பிறகு வெனிலா என்று ஆறுதலாக வர வேண்டிய வாசங்கள் இங்கே சூட்டில் ஒன்றாகக் கிளம்புகின்றன. இந்த மாதிரி ஸ்பிரே சென்டில் உள்ள ஸ்பிரிட்டும் கூடவே மேலே வரும். இனிப்பும் கறுவாவும் ஸ்பிரிட்டும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறினால் அது சென்ட் இல்லை, தவறணைக் கதவைத் திறந்த மாதிரி. போத்தலுக்குள் ரம்மும் இல்லை, பிராந்தியும் இல்லை. ஆனால் அதைப் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு யார் விளங்கப்படுத்துவது?

பஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போயா நாள், அதாவது பௌர்ணமி லீவு. திருகோணமலை டவுனில் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போவதற்காகச் சாம்பல்தீவில் நிலாவெளி பஸ் ஏறினேன். பட்டுச் சீலை, தலையில் பூ, கழுத்தில் இந்தச் சென்ட். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா. முன் சீட்டில் மடியில் முருங்கைக்காய்க் கட்டுடன் ஒரு ஐயா, அவர் பாட்டுக்கு நித்திரை. அம்மா இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு அந்த ஐயாவின் பிடரியை முறைத்துப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "இண்டைக்குப் போயா, தவறணையெல்லாம் பூட்டு. இவருக்கு மட்டும் எங்கயிருந்து கிடைச்சுதோ." ஐயா திடுக்கிட்டு எழும்பினார். என்ன நடக்கிறதென்று விளங்காமல் தன் சேர்ட் கொலரை இழுத்து மணந்து பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். டவுன் வரும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மாமி குசினிக்குள் இருந்தபடியே, "பிள்ளை, கேக்குக்குப் பிராந்தி ஊத்தினியா?" என்று கேட்டார். ஆனி மாதத்தில் யார் வீட்டில் கிறிஸ்மஸ் கேக் செய்கிறார்கள்? போத்தலும் லேசுப்பட்டதில்லை. பட்டை வெட்டிய கனமான கண்ணாடி, உள்ளே பழுப்பு நிறம். வெளிநாட்டிலிருந்து வந்த பெரியப்பா அதை அலுமாரித் தட்டில் கண்டு, கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி என்ன விஸ்கி என்று தேடினார். சென்ட் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்குக் கம்பனியைக் குறை சொல்ல முடியாது. இந்த வகை வாசமே குளிருக்காகப் பிறந்தது. ஏஞ்சல்ஸ் ஷேரில் உண்மையாகவே கொன்யாக் என்கிற பிரெஞ்சுப் பிராந்தியின் வாசத்தையும் ஓக் மரவாசத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கம்பனியைத் தொடங்கிய கிலியன் ஹென்னஸி, ஹென்னஸி கொன்யாக் குடும்பத்து ஆள். பீப்பாயில் பழுக்கும் கொன்யாக்கில் வருடாவருடம் ஆவியாகிப் போகிற பங்குதான் அந்தப் பெயர். நிலவறைக்குள்ளேயே ஆவியாகிறது என்றால் நம் ஊர் வெயிலில் கேட்க வேண்டுமா?

ஆனால் நான் இந்தப் போத்தலை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், அந்த முதல் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வருகிறதற்காக. குடிவாசம் போய், இனிப்பும் அடங்கி, மரம் மட்டும் மிஞ்சும். புது மரத்தின் பச்சை வாசம் இல்லை. அப்பப்பா வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து, பழைய சீலைகளைத் தூக்கிவிட்டு, அடிப்பலகையில் மூக்கை வைத்தால் வருகிற வாசம். இதில் வேடிக்கை என்னவென்றால், கலந்திருக்கும் மரவாசங்களில் ஒன்றான அகிகாலாவுட் எந்த மரத்திலும் வெட்டி எடுத்ததில்லை. சுவிட்சர்லாந்து ஜிவோடான் கம்பனி பச்சோலி இலை எண்ணெயை நொதி போட்டு மாற்றிச் செய்கிறது. இலையிலிருந்து வந்த மரம்! எப்படி வந்தாலும் என் மூக்கு அதைப் பெட்டகம் என்றுதான் எடுத்துக்கொள்கிறது.

திருகோணமலைக்காரர்கள் இதில் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம் என்றும் நினைப்பேன். கொன்யாக்குக்கு ஓக் என்றால் நம் நாட்டுத் தென்னஞ்சாராயத்துக்கு ஹல்மில்ல. நாங்கள் சாவண்டலை என்கிற மரம். அந்த மரத்தொட்டிகளில்தான் சாராயத்தைப் பழுக்க வைப்பார்கள். இந்தத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியானதால் வெள்ளைக்காரன் அதற்கு 'திருகோணமலை மரம்' என்றே பெயர் வைத்தான். மதராஸ் கடற்கரையில் அலைக்குள் இறக்குகிற மசூலாப் படகுகளுக்கும் அந்தப் பலகை போயிருக்கிறது. மரத்தில் ஊறிய மது வாசத்தைப் பிரான்ஸ்காரன் விற்றால் லக்சரி, நம் பஸ்ஸில் மணந்தால் முருங்கைக்காய் ஐயாவுக்கு ஏச்சு.

நான் இப்போது பாவிக்கிற விதம் இதுதான். உடம்பில் அடிப்பதில்லை. இரவே ஒரு பருத்திச் சால்வையில் ஒரேயொரு தரம் அடித்து, அலுமாரிக்கு வெளியே கொடியில் போட்டுவிடுவேன். விடியும்போது தவறணை பூட்டியிருக்கும், மரம் மட்டும் நிற்கும். வெள்ளைத் துணி வேண்டாம். வெனிலா கூடிய எந்தச் சென்டும் வெள்ளையில் பழுப்புக் கறை வைக்கக்கூடும். என் போத்தலும் வாங்கியபோது இருந்ததைவிட நன்றாகக் கறுத்துவிட்டது. அதுவும் வெனிலாவின் வேலைதான், பழுதாகிவிட்டதென்று பயப்படத் தேவையில்லை. வெளிச்சமும் சூடும் படாமல் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கோணேசர் கோயிலுக்கு மட்டும் இந்தச் சென்டோடு போனதில்லை. போகவும் மாட்டேன். அங்கே அடிக்கிற கடற்காற்றில் எந்தச் சென்டும் நிற்காது என்பது வேறு விஷயம்.

அப்புறம், மாரி. ஐப்பசி கழிந்து வாடை திரும்பி, மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் இதே சென்ட் வேறு ஆளாகிவிடும். அப்போது கழுத்திலேயே அடிக்கலாம். கொழும்பு இரவு ரயிலில், மழைக்கு யன்னல்களை இறக்கிவிட்ட பெட்டிக்குள், எதிரே இருந்த சிங்களப் பெண் என் சால்வையைக் காட்டி என்ன சென்ட் என்று கேட்டாள். பெயரைத் தன் ஃபோனில் எழுதிக்கொண்டாள். கறுவா, கொஞ்சம் பேரீச்சை, கீழே அந்த மரம். அந்த ரயில் பெட்டியில் அதைவிடப் பொருத்தமான வாசம் எதுவும் இருந்திருக்காது. நான் பாவித்த சென்டுகளில் முதலிடம் இதற்குத்தான், அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

தங்கச்சி, நீ வாங்காதே. மட்டக்களப்பிலும் அதே கச்சான்தான். நீ படிப்பிக்கிறவள். காலை ஏழரைக்குக் காலைக்கூட்டத்தில் வெயிலில் நிற்க வேண்டும், உனக்குப் பக்கத்தில் அதிபர் நிற்பார். அவர் முகத்தைத் திருப்பி யாரைப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள். விலை இறங்கியதெல்லாம் ஒரு காரணமா? மல்லிகை வாசத்தில் ஏதாவது எடு, உனக்கும் நிம்மதி, பிள்ளைகளுக்கும் நிம்மதி. நான் இரண்டாவது போத்தலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று உன் அம்மா சொல்லியிருப்பா. அது என் பாடு. ஆசை விடவில்லையென்றால் மார்கழி லீவுக்கு வரும்போது என் சால்வையைப் போட்டுக்கொண்டு திரி. போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போ.