மனாகுவாவின் தொட்டியும் யோக்யகார்த்தாவின் வாளியும்

டெங்கு வந்துவிட்டால் எல்லாரும் புகை மருந்து வண்டியைத்தான் தேடுகிறோம். புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். தொட்டியில் நெளியும் புழு அப்படியே இருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளிலும் தங்குவதால், தெருவில் அடிக்கும் புகை அதை எட்டுவதும் குறைவு. சரி, அதை விடுவோம். எடைபோட வேண்டியவை வேறு இரண்டு வழிகள்.

நிகராகுவாவின் மனாகுவா நகரத்திலும் மெக்சிகோவின் குரேரோ மாநிலத்திலும் நடந்தது ‘காமினோ வெர்டே’, அதாவது பசுமைப் பாதை. வீட்டுத் தொட்டியில் இருக்கும் புழுவை வீட்டுக்காரரிடமே காட்டினார்கள். கணக்கெடுப்பில் தெரிந்ததை அந்தந்தப் பகுதி மக்கள் முன் வைத்து, என்ன செய்யலாம் என்பதை அவர்களிடமே விட்டார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடியவர்கள் உண்டு, மீன் விட்டவர்களும் உண்டு. இதற்கென்று பூச்சிமருந்து எதுவும் சேர்க்கவில்லை. 2015-இல் வெளியான முடிவின்படி, திட்டம் நடக்காத பகுதிகளைவிட இங்கே குழந்தைகளிடம் டெங்கு தொற்று 29.5 சதவீதம் குறைந்தது.

இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் ஓல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் முட்டைகளை வாளிகளில் போட்டு, 2017-இல் நகரின் பாதிப் பகுதிகளில் வைத்தார்கள். அந்தக் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. தாய்க்கொசுவிடமிருந்து அடுத்த தலைமுறைக்கும் பாக்டீரியா போய்விடும். வாளி வைக்காத பகுதிகளைவிட அங்கே டெங்கு நோயாளிகள் 77 சதவீதம் குறைந்தார்கள்.

இந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல. முதல் ஆய்வு எச்சிலைப் பரிசோதித்து, காய்ச்சல் இல்லாமல் வந்துபோன தொற்றையும் எண்ணியது. இரண்டாவது, காய்ச்சலோடு சிகிச்சைக்கு வந்து பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் எண்ணியது. அப்புறம், மனாகுவாவில் தொட்டிப் புழுவைக் கொல்ல அரசு போடும் அபேட் மருந்து, திட்டம் நடந்த பகுதிகளிலும் நடக்காத பகுதிகளிலும் தொடர்ந்தது. அதற்கு மேல் கிடைத்த பலன்தான் மக்களுடையது.

இருந்தாலும் வலு ஓல்பாக்கியாவுக்கே என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கும் ஒரு டயர் போதும், தெரு முழுக்கச் செய்த வேலை வீணாக. ஓல்பாக்கியா ஒருமுறை வேரூன்றிவிட்டால் தானே பரவும். ஆனால் அதற்குக் கொசு வளர்க்கும் ஆய்வுக்கூடம் வேண்டும், முற்றத்தில் வாளி வைக்க மக்கள் சம்மதிக்கவும் வேண்டும். புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு ஆய்வு மையம் இப்படிப்பட்ட கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. அவை நம் தெருவுக்கு வரும்வரை கையில் இருப்பது மனாகுவா வழிதான்.

முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவினால் போதும். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியின் உள்சுவரைத் தேய்க்க வேண்டும். காய்ந்த சுவரிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும்.