பழைய விமானப் படங்களின் நெகட்டிவ்களை மதுரையில் ஸ்கேன் செய்து வாங்கியது பற்றி

மதுரை விமான நிலையத்தில் 1970-லும் 1971-லும் பெரியப்பா எடுத்த மூன்று ரோல் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை, டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உள்ள பழைய ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கினேன். நடந்த பிழையைத் தயங்காமல் திருத்திக் கொடுத்தார்கள் என்பதால் கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை. பழைய விமானங்களை அடையாளம் காணும் ஆர்வம் உடையவர்கள் இப்படிப்பட்ட ஒரு கடைக்குள் நுழையும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பெரியப்பாவிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. ஒரு ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள், ஒரே ஷட்டர் வேகம், எளிய லென்ஸ். முப்பத்தாறு படங்களில் பெரும்பாலானவை இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ 748 விமானங்கள். ஃபாக்கர் ஃபிரெண்ட்ஷிப்பும் இரண்டு இருக்கின்றன. ஆவ்ரோ, ஃபாக்கர் இரு வகையிலும் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின்கள்தான் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஃபாக்கரின் இறக்கை உடலின் மேற்புறத்தில் இருக்கும். ஆவ்ரோவின் இறக்கை கீழே இருப்பதால், புரொப்பெல்லர் தரையில் உரசாமலிருக்க எஞ்சின் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தாற்போல் நிற்கும். இந்த அளவுக்குப் பிரித்தறிய பழைய பிரிண்டே போதும். எந்த ஆவ்ரோ என்று சொல்ல, விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பதிவெழுத்து தெரிய வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். 1971 டிசம்பர் 9 அன்று மதுரைக்கு இறங்க வந்த ஓர் ஆவ்ரோ சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தார்கள். அதன் பதிவு வி.டி. - டி.எக்ஸ்.ஜி. (VT-DXG). பெரியப்பாவின் இரண்டாம் ரோலில் நிற்கும் விமானம் அதுவாக இருக்குமோ என்ற கேள்வி எங்கள் வீட்டில் நெடுநாளாக இருக்கிறது.

கடையில் படத்துக்கு 2400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற ஸ்கேன் அளவு) என்றால் நாற்பது ரூபாய், 4800 என்றால் எழுபத்தைந்து. ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவில் 2400 டிபிஐயே பக்கத்துக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களைத் தந்துவிடுகிறது. கிளிக் 3 போன்ற கேமராவின் லென்ஸ் அதற்கு மேல் எதையும் ஃபிலிமில் பதித்திருக்கப் போவதில்லை. நான் இரண்டு படங்களை 4800-இல் எடுத்துப் பார்த்தேன். கோப்பு பெரிதாகியதே தவிர எழுத்து தெளியவில்லை. அந்தப் பணம் வீண்.

முதல் தவணையில் வந்த படங்களில் விமானங்கள் மெழுகு பூசியவை போல் இருந்தன. தூசி நீக்கும் வசதியைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். அது அகச்சிவப்பு ஒளியை ஃபிலிம் வழியே செலுத்தி, ஒளியை மறைப்பதையெல்லாம் தூசி என்று கொள்கிறது. கலர் ஃபிலிமின் சாயங்கள் அந்த ஒளியை விட்டுவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது என்பதால், படத்தையே தூசியாக எண்ணி அழிக்கத் தொடங்கிவிடுகிறது. சன்னல் விளிம்புகளும் எழுத்துகளும் கரைந்துபோனதற்கு இதுதான் காரணம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கொடுப்பவர்கள் அந்த வசதியை அணைக்கச் சொல்லிவிட்டு, கையால் தூசி துடைக்கச் சொல்ல வேண்டும். விமானப் படத்தில் பாதிக்கு மேல் வானம். ஒவ்வொரு புள்ளியும் தெரியும். சுருண்ட ஃபிலிம் கண்ணாடியைத் தொட்டதால் இரண்டு வானங்களில் வளையம் வளையமாகக் கோலமும் விழுந்திருந்தது.

இன்னொரு பிழையை நான் உடனே கவனிக்கவில்லை. ஐந்து படங்கள் தலைகீழ்ப் பக்கமாக, அதாவது கண்ணாடியில் பார்ப்பது போல் ஸ்கேன் ஆகியிருந்தன. V, T, X ஆகிய ஆங்கில எழுத்துகள் கண்ணாடியிலும் உருமாறாதவை என்பதால், மங்கலான படத்தில் ஏமாறுவது எளிது. பயணிகள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு படம்தான் காட்டிக்கொடுத்தது. ஆவ்ரோவில் பயணிகள் ஏறும் கதவு இடப்புறம் வால் பக்கத்தில் இருக்கும். இந்தப் படத்தில் வலப்புறம் இருந்தது.

கடைக்காரரிடம் காட்டியபோது, "சார், ஃபிலிமைத் திருப்பி வெச்சுட்டோம், எல்லாத்தையும் மறுபடி போட்டுத் தர்றேன்" என்றார். கூடுதலாகக் காசு கேட்கவில்லை. நான்கு நாள் ஆயிற்று. இம்முறை தூசி வசதி இல்லாமல், கூர்மை ஏற்றாமல், டிஃப் (TIFF) கோப்புகளாகக் கொடுத்தார்கள். சாம்பல் நிறங்களின் படிகள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் நெகட்டிவ்களை வெறுங்கையால் எடுப்பதையும், பழைய நியூஸ்பேப்பர் துண்டில் சுற்றித் திருப்பித் தந்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை. உறைகளைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

மறுபடி ஸ்கேன் செய்த இரண்டாம் ரோலின் ஏழாவது படத்தில் கடைசி எழுத்து ஒரு வட்டமாகத் தெரிகிறது. முன்பு ஜியா (G), ஓவா (O), கியூவா (Q) என்றே சொல்ல முடியாதிருந்தது. இப்போது வட்டம் வலப்புறத்தில் திறக்கவில்லை, குறுக்குக் கோடும் இல்லை. ஆகவே ஜி அல்ல. ஓவா கியூவா என்பதைப் பார்க்க, அதே விமானம் வேறு கோணத்தில் நிற்கும் பதினோராவது படத்தை அடுத்த வாரம் அதே கடைக்கு, உறையில் போட்டு, எடுத்துச் செல்கிறேன்.