கிரண்டியா, பஸ்டினோவா? இந்த இரண்டு பந்தயக் குதிரைகளில் எனக்குப் பிடித்தது எது?

1975 ஜூலை 26, இங்கிலாந்தின் ஆஸ்காட் மைதானம், ஒன்றரை மைல் குதிரைப் பந்தயம். கிரண்டிக்கு மூன்று வயது. அந்த ஆண்டின் எப்சம் டெர்பி பந்தயத்தை வென்ற கையோடு வந்திருந்தது. பஸ்டினோவுக்கு நான்கு, முந்தைய ஆண்டு செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற குதிரை.

விஷயமே எடையில்தான் இருக்கிறது. வயதில் மூத்த குதிரை அதிகம் சுமக்க வேண்டும் என்கிற, வயதுக்கேற்ற எடை என்ற விதிப்படி பஸ்டினோ 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்கு மேல், கூடுதலாகச் சுமந்தது. அதன் பலம் தாக்குப்பிடிப்பது. அதனால் ஆரம்பத்திலிருந்தே வேகத்தை ஏற்றிவிட இரண்டு துணைக் குதிரைகளை இறக்கினார்கள். கிரண்டியிடம் இருந்தது பாய்ச்சல். கடைசி ஃபர்லாங்கில் (சுமார் 200 மீட்டர்) அது முந்த, பஸ்டினோ விடாமல் மீண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. அரைக் குதிரை நீள வித்தியாசத்தில் கிரண்டி வென்றது.

சரி, எனக்கு எது? அந்தச் சுமையோடு போராடிய பஸ்டினோதான்.